மதுரையில் ஐடி வேலையோடு முதுகலைப் படிப்பு: ஞாயிறு காலை மிஞ்சுமா?

கேள்வி இது: மதுரையில் மென்பொருள் வேலை, வயது 26. வேலையை விடாமல் கணினி அறிவியலில் முதுகலை படிக்க ஆசை. ஞாயிறு காலைகளில் கண்மாய்ப் பக்கம் பறவை பார்க்கப் போகும் பழக்கம் உண்டு, படிப்பில் சேர்ந்தால் அது நின்றுவிடுமோ என்று பயம். மூன்றும் சேர்ந்து ஓடுமா? ஓடினால் ஒரு நாள் எப்படி இருக்கும்?

ஓடும். படிப்பை மெதுவாக முடிக்க நீங்கள் ஒத்துக்கொண்டால் ஓடும். நான் இலந்தைக்குளத்தில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் கணினி அறிவியலில் நடத்தும் இணையவழி எம்.எஸ். படித்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிறு காலைகளில் மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் பழைய கல்வெட்டுகளை வாசிக்கப் போகிறேன். இந்த மூன்றில் எது முதலில் காணாமல் போகும் என்பதை என்னோடு வேலை பார்ப்பவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். வேலை என்ன ஆச்சு என்று கேட்க மேனேஜர் இருக்கிறார். படிப்பு என்ன ஆச்சு என்று கேட்கக் கெடுதேதி இருக்கிறது. ஞாயிறு காலை என்ன ஆச்சு என்று கேட்க ஒருவரும் இல்லை. அதனால் அதற்கு முதலில் இடம் போட்டுவிட்டு, மற்ற இரண்டையும் அதைச் சுற்றி அடுக்குங்கள் என்பதுதான் என் பதில். எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் நாள் எப்படிப் போகிறது என்று பார்ப்போம். எங்கள் வீடு கே.புதூரில். ஸ்கூட்டரில் கிளம்பினால் இருபது நிமிடத்தில் ஆபீஸ். சென்னையில் ஓ.எம்.ஆரிலோ பெங்களூரிலோ இருப்பவர்கள் சாலையில் விடும் நேரம் எனக்கு மிச்சம், என் படிப்பு பெரும்பாலும் அந்த மிச்சத்தில்தான் நடக்கிறது. வெளியூரில் அதிகச் சம்பளத்துக்கு வேலை வந்தால் இந்தக் கணக்கையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள்.

காலை ஐந்துக்கு முன்பே எழுந்துவிடுவேன். ஆறரை வரைக்கும் படிப்பு. பாடக் காணொளி, அதற்கான ஆய்வுக் கட்டுரை, குறிப்பு எழுதுவது, அவ்வளவுதான். அமெரிக்கக் கிழக்குப் பகுதியில் மாலை 7 மணிக்கு நடக்கும் சந்தேகம் தீர்க்கும் அமர்வு நமக்கு அதிகாலை 4:30 மணி. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் நகர்த்திய பிறகு அதுவே 5:30 ஆகிவிடும். இரவில் விழிப்பவர்களுக்கு இது பெரிய தொந்தரவு, விடியற்காலையில் எழுபவர்களுக்கு நல்ல வசதி. ஆறரைக்கு மேல் அடுப்படி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது, குளியல். பத்தரைக்கு ஆபீஸ். ஸ்டாண்ட்-அப், டிக்கெட், கோட் ரிவ்யூ, மாலையில் அமெரிக்க வாடிக்கையாளரோடு கால். ஏழரை எட்டுக்கு வீடு. சாப்பிட்ட பிறகு நான் புதிதாக எதையும் படிக்க உட்காருவதில்லை. பகல் முழுக்கக் கோட் பார்த்த கண்ணோடு கணிதச் சான்று ஒன்றைப் படித்தால், ஒரே பத்தியை நாலு தடவை படித்துக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில் மறுநாளுக்கான பாடத்தை எடுத்து வைப்பேன், அல்லது அசைன்மென்டில் யோசிக்கத் தேவையில்லாத வேலை ஏதாவது இருந்தால் முடிப்பேன். வரைபடத்துக்குப் பெயர் எழுதுவது, மேற்கோள் பட்டியலைச் சரிபார்ப்பது மாதிரி.

நிரல் எழுதும் அசைன்மென்டுகளை வார நாட்களில் தொடாதீர்கள். ஒன்றரை மணி நேரத்தில் பிழை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் நேரம் இருக்கும். கண்டுபிடித்த நேரத்தில் குக்கர் விசில் அடிக்கும். மறுநாள் திரும்ப முதலிலிருந்து. சனிக்கிழமை முழுசாக ஐந்தாறு மணி நேரம் அதற்கு வேண்டும். எனக்கு அந்த ஐந்தாறு மணி நேரம் கிடைப்பது புது நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில். 2023 ஜூலை 15 அன்று அது திறந்ததிலிருந்து மதுரையில் படிப்பவர்களுக்கு நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் கூடத்தில் நாமும் போய் உட்கார்ந்தால் போனை எடுக்கவே கை வராது. வீட்டில் தனி அறை இல்லாதவர்கள் இந்த ஊரில் நிறைய. அவர்களுக்கு இப்படி ஒரு இடம் கிடைத்திருப்பது பெரிய விஷயம்.

அடுத்து, எங்கே படிப்பது. இதில் நான் நீளமாகப் போகவில்லை, ஏனென்றால் உங்கள் தேவையைப் பொறுத்து இரண்டு மூன்று வழிகள்தான் மிஞ்சும். கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதி முழுநேர எம்.டெக். போனால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு, ஆனால் வேலையை விட வேண்டும். ஒருமுறை வாங்கிய கேட் மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். அதனால் இப்போது எழுதி வைத்துவிட்டுப் பிறகு முடிவெடுக்கவும் இடம் இருக்கிறது. வேலையை விடாமல் எம்.டெக். பட்டம் வேண்டும் என்றால் பிட்ஸ் பிலானி வேலையில் இருப்பவர்களுக்காகவே நடத்தும் படிப்பு இருக்கிறது. நான்கு பருவம், வார இறுதி வகுப்புகள், கடைசிப் பருவத்தில் ஆய்வேடு. சில பொறியியல் கல்லூரிகளில் மூன்று ஆண்டுப் பகுதிநேர எம்.இ. இருக்கிறது, மாலையில் நேரில் போக வேண்டும். எட்டு மணிக்கு வாடிக்கையாளர் கால் வைத்திருப்பவர்களுக்கு அது சரிப்படாது. எம்.சி.ஏ. போதும் என்றால் இக்னோ போன்ற தொலைநிலை வழிகள் உண்டு, செலவும் குறைவு. ஒரு எச்சரிக்கை: தொழில்நுட்பப் படிப்புகளைத் தொலைநிலையில் நடத்துவதில் 2017இல் உச்ச நீதிமன்றம் கறாராகத் தீர்ப்பளித்தது. அதனால் அஞ்சல்வழி எம்.டெக். என்று யாராவது விளம்பரம் செய்தால் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒப்புதல் ஆவணத்தைக் கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டு இணையவழிப் பட்டமோ, உள்நாட்டுப் பட்டமோ, பின்னாளில் கல்லூரி ஆசிரியர் வேலைக்கோ அரசு வேலைக்கோ போகும் எண்ணம் இருந்தால், அது அங்கே செல்லுமா என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

நான் ஜார்ஜியா டெக்கைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஒன்றுதான். பாடங்கள் முன்கூட்டியே பதிவானவை, குறிப்பிட்ட நேரத்தில் வகுப்பில் உட்கார வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வார இறுதியில் நேரலை வகுப்பு என்றால் என் ஞாயிறு போய்விடும். 2014இல் அந்தப் படிப்பைத் தொடங்கும்போதே மொத்தச் செலவு 7,000 டாலர் அளவில் இருக்கும்படி வடிவமைத்தார்கள், இப்போதும் நேரில் போய்ப் படிப்பதோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வு தேவையில்லை. பருவத்துக்குப் பருவம் எடுக்கும் பாடத்துக்கு மட்டும் பணம் கட்டலாம். மொத்தம் பத்துப் பாடம், முடிக்க ஆறு ஆண்டு வரைக்கும் அவகாசம். முதல் ஆண்டுக்குள் அடிப்படைப் பாடங்கள் இரண்டில் பி கிரேடாவது எடுத்தாக வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. சேர்வது எளிது, முடிப்பது கடினம் என்பதை அந்த நிபந்தனையிலேயே புரிந்துகொள்ளலாம்.

இந்த ஆறு ஆண்டு அவகாசத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஆகஸ்டு, ஜனவரி, மே என்று ஆண்டுக்கு மூன்று பருவம். பருவத்துக்கு ஒரு பாடம் எடுத்தால் மூன்று ஆண்டும் ஒரு பருவமும் ஆகும். கோடைப் பருவத்தை விட்டுவிட்டால் ஐந்து ஆண்டு. இரண்டுமே அவகாசத்துக்குள் அடங்கும். ஆனாலும் சேர்ந்தவுடன் எல்லாருக்கும் ஒரு வேகம் வரும். இரண்டு இரண்டாக எடுத்து இரண்டே ஆண்டில் முடித்துவிடலாம் என்று தோன்றும். ஒரு பாடத்துக்கு வாரம் பத்து மணி நேரம் என்பது லேசான கணக்கு, ஆப்பரேட்டிங் சிஸ்டம், மெஷின் லேர்னிங் மாதிரிப் பாடங்கள் இருபதைத் தாண்டும். இரண்டை ஒன்றாக எடுத்தால் அது இன்னொரு முழுநேர வேலை. பட்டம் ஒன்றரை ஆண்டு முன்னால் கிடைப்பதால் நமக்கு என்ன கூடப்போகிறது? 26 வயதில் தொடங்கி 30இல் முடித்தால் வேலையில் எந்தக் கதவும் மூடிவிடாது. அந்த ஒன்றரை ஆண்டுக்காகப் பறவைப் பருவங்களை விட்டுக்கொடுப்பது சரியான பேரம் இல்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பிட்ஸ் போல நான்கு பருவத்துக்குள் கட்டிய படிப்பு என்றால் இப்படி இழுக்க அவ்வளவு இடம் கிடைக்காது. சேரும் முன் இதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

இனி நம் ஊர் நாட்காட்டி. படிப்பின் நாட்காட்டியை அங்கே உட்கார்ந்து போடுகிறவர்களுக்குச் சித்திரைத் திருவிழா தெரியாது. ஜனவரிப் பருவத்தின் இறுதித் தேர்வு ஏப்ரல் கடைசி, மே முதல் வாரத்தில் வரும். சித்திரைப் பௌர்ணமிக்கு அழகர் ஆற்றில் இறங்குவதும் அதே சமயம்தான். எங்கள் வீடு அழகர்கோயில் சாலைப் பக்கம். எதிர்சேவைக்கு முன்னும் பின்னும் சொந்தக்காரர்கள் வீடு நிறைய வந்து தங்குவார்கள். அந்த வாரத்தில் உட்கார்ந்து படிக்க முடியும் என்று கணக்குப் போடாதீர்கள். அதற்கு முன்னால் இருக்கும் பதினைந்து நாளில் முடித்துவிட வேண்டும். கோடைப் பருவத்தின் தேர்வு ஜூலைக் கடைசியில், அதாவது ஆடியில். தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் மைக்செட் கட்டிவிடுவார்கள். தேர்வின்போது கணினியின் கேமராவும் மைக்கும் நம்மைக் கவனித்துக்கொண்டே இருக்கும். பொதுவாகத் தேர்வை எழுதச் சில நாட்கள் அவகாசம் தருவார்கள். அந்த நாட்களில் விடியற்காலை நேரம் ஒன்றைப் பிடித்து எழுதிவிடுங்கள், பாட்டு ஐந்தரைக்கு மேல்தான் தொடங்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை எந்தெந்தப் பகுதியில் என்று முன்கூட்டியே நாளிதழில் வந்துவிடும், தேர்வுத் தேதியை முடிவு செய்யும்போது அதையும் பாருங்கள். இன்வெர்ட்டர் இருந்தாலும் ரவுட்டர் அந்த இணைப்பில் இருக்கிறதா என்று சோதித்து வைப்பது நல்லது.

கெடுநேரத்தைப் பற்றியும் ஒன்று. பல பாடங்களில் ஞாயிறு இரவு 11:59 மணி, உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும், என்று போட்டிருப்பார்கள். உலகத்திலேயே கடைசியாக நாள் முடியும் நேர மண்டலத்தை வைத்துப் போடும் கணக்கு அது, நம் நேரத்தில் திங்கள் மாலை 5:29. கேட்கும்போது ஒரு நாள் கூடக் கிடைத்தது போலத் தோன்றும். திங்கள் பகல் ஆபீஸ் நேரம் என்பதால் அது நமக்குப் பயன்படாது. நான் சனிக்கிழமை இரவையே கெடுவாக வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை குன்றில் நிற்கும்போது மனசில் பாதி அசைன்மென்டில் இருந்தால் போனதில் பிரயோசனம் இல்லை.

இப்போது ஞாயிறு காலைக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த பகுதி. மதுரையைச் சுற்றி ஒரு மணி நேரத் தூரத்துக்குள் தமிழி (தமிழ்-பிராமி) என்ற மிகப் பழைய எழுத்தில் பொறித்த கல்வெட்டுகள் இத்தனை இடங்களில் இருக்கின்றன என்பதே பலருக்குத் தெரியாது. மாங்குளம், அரிட்டாபட்டி, அழகர்மலை, திருப்பரங்குன்றம், யானைமலை, கொங்கர்புளியங்குளம், விக்கிரமங்கலம், கீழவளவு, திருவாதவூர். மேற்கே கீழக்குயில்குடி சமணர் மலையில் அதற்குப் பல நூற்றாண்டுகள் பிந்திய வட்டெழுத்து, அதுவும் தமிழின் பழைய எழுத்து வகைதான். நான் வாசிக்கத் தொடங்கியது வட்டெழுத்தில், அதில் பகரமும் வகரமும் ஒன்றுபோலத் தெரிந்து படுத்தும் பாடு கொஞ்சம் இல்லை. பேச்சிப்பள்ளத்தில் வரிசையாக இருக்கும் தீர்த்தங்கரர் சிற்பங்களுக்குக் கீழே எழுத்து இருக்கும். அதில் ஒன்றில் அச்சணந்தி என்ற துறவியின் தாய் குணமதி செய்வித்தது என்று வரும். எழுத்துக்கூட்டிக் கூட்டி அந்தப் பெயரை முதன்முதலாக நானே வாசித்தபோது கிடைத்த சந்தோஷம் எந்த அசைன்மென்டில் முழு மதிப்பெண் வாங்கியபோதும் கிடைத்ததில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் ஒரு தாயின் பெயரைப் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள், அது இன்னும் அங்கே இருக்கிறது, நமக்கு வாசிக்கவும் முடிகிறது.

அழகர்மலைக் குகையில் இருப்பவை இன்னும் பழையவை. பொன் வேலை செய்தவர், உப்பு வாணிகன், கொழு (கலப்பை முனை) வாணிகன், அறுவை (துணி) வாணிகன் என்று மதுரைக் கடைத்தெருவே அங்கே பெயர் எழுதி வைத்திருக்கிறது. மாங்குளத்தில் கணிநந்தன் என்ற துறவிக்குக் கற்படுக்கை செய்து கொடுத்ததும், நெடுஞ்செழியன் என்ற பெயரும் வரும். ராபர்ட் சீவல் அந்தக் கல்வெட்டுகளை 1882இல் கண்டார். அவற்றின் மொழி தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய அய்யர் எடுத்துக்காட்டியது 1924இல். அதற்கும் பல ஆண்டு கழித்துத்தான் ஐராவதம் மகாதேவன் சங்ககாலப் பாண்டியரோடு பொருத்தி வாசித்தார். புள்ளி இல்லாத எழுத்தை எப்படி எடுத்துக்கொள்வது, அகரத்தைச் சேர்த்து வாசிப்பதா விட்டு வாசிப்பதா என்ற ஒரே கேள்வியில் ஆட்கள் வாழ்நாளைச் செலவழித்திருக்கிறார்கள்.

போகிறவர்களுக்கு நடைமுறையாக ஒன்றிரண்டு. காலைச் சாய்வு வெயிலில்தான் எழுத்தின் பள்ளம் நிழல் கட்டித் தெரியும். உச்சி வெயிலில் வெறும் பாறைதான் தெரியும். அதனால் கல்வெட்டு பார்ப்பவர்களும் பறவை பார்ப்பவர்களும் வீட்டிலிருந்து கிளம்பும் நேரம் ஒன்றேதான். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சுண்ணாம்போ சாக்பீஸோ தேய்க்காதீர்கள், தேய்ப்பவர்களையும் தடுங்கள். கல்வெட்டின் மேல் தாளை ஒட்டி மையால் ஒற்றி மைப்படி எடுப்பது தொல்லியல் துறையினரின் வேலை, நாம் போட்டோவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

உங்களுக்கு இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. இந்த ஆர்வம் எனக்கு நிலைத்ததற்கு என் மன உறுதி காரணம் இல்லை, ஆட்கள்தான் காரணம். மதுரையில் குன்றுகளுக்குக் கூட்டமாக நடந்து போகும் பழக்கத்தைப் பசுமை நடை அமைப்பு பல ஆண்டுகளாக வளர்த்து வைத்திருக்கிறது. எங்கள் சின்னக் குழுவும் அந்த வழியில் பழகியவர்களால் ஆனதுதான். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர், கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர். ஆறு மணிக்கு மாட்டுத்தாவணி டீக்கடையில் நிற்போம். வராதவருக்குப் போன் போகும். ஐயா என்று நாங்கள் கூப்பிடும் அந்த ஆசிரியர், “என்னம்மா, பரீட்சையா? சரி, பரீட்சை முடிச்சிட்டு அடுத்த வாரம் வந்துரு” என்பார். அந்த “வந்துரு”வுக்காகவே மறு வாரம் போய்விடுவேன். நீங்கள் தனியாகப் பைனாகுலரோடு போகிறவர் என்றால், படிப்பில் சேரும் முன்பே கூடப் போக இரண்டு பேரைத் தேடிக்கொள்ளுங்கள். தனியாகப் போகும் பழக்கம் முதல் மிட்-டெர்ம் தேர்விலேயே அறுந்துபோகும், அப்புறம் திரும்பப் பிடிப்பது கடினம்.

பறவைப் பருவத்தோடு படிப்பைப் பொருத்தவும் வழி இருக்கிறது. வலசை வாத்துகள் சாமநத்தம், வண்டியூர் மாதிரிக் கண்மாய்களுக்கு வருவது வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு, மார்ச் வாக்கில் கிளம்பிவிடும். அதனால் கடினமான பாடத்தைக் கோடைக்குத் தள்ள முடியுமா என்று பாருங்கள், ஆகஸ்டில் தொடங்கும் பருவத்தில் லேசானதை எடுங்கள். கோடைப் பருவம் சில வாரம் குறைவு, எல்லாப் பாடமும் அப்போது கிடைக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள். பொங்கலையொட்டி 2015 முதல் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பு ஜனவரிப் பருவம் தொடங்கிய முதல் வாரங்களில் வருகிறது. அப்போது பெரிய அசைன்மென்ட் எதுவும் இருக்காது, தைரியமாகக் கலந்துகொள்ளலாம். அரிட்டாபட்டி பக்கம் இன்னும் போகவில்லை என்றால் கட்டாயம் போங்கள். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். லகர் வல்லூறு பார்க்க வருபவர்களும் கல்வெட்டு பார்க்க வரும் நாங்களும் அங்கே ஒரே பாறையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டிருக்கிறோம்.

இதில் இன்னொரு கருத்தையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆர்வத்தைப் படிப்புக்குள் இழுக்காதீர்கள். படத்தில் இருப்பதைக் கணினியே அடையாளம் காணச் செய்யும் கணினிக் காட்சிப் பாடம் எடுத்தபோது வட்டெழுத்தைத் தானாக அடையாளம் காணும் மாடல் ஒன்றைப் புராஜெக்டாகச் செய்யேன், இரண்டும் ஒன்றாக முடிந்துவிடும் என்று பலரும் சொன்னார்கள். உங்களிடமும் பறவைப் படங்களை வைத்து ஏதாவது செய்யச் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். நான் மறுத்துவிட்டேன். புராஜெக்ட் ஆன நாளிலிருந்து குன்றுக்குப் போவது டேட்டா சேகரிப்பாகிவிடும். வெளிச்சம் சரியாக இல்லாத ஞாயிறு வீணான ஞாயிறாகத் தெரியும். ஐயா ஒரு எழுத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினால் மனசு கெடுதேதியை எண்ணும். யாருக்கும் கணக்குக் காட்டத் தேவையில்லாத ஒரு வேலை வாரத்தில் ஒன்றாவது மனிதருக்கு வேண்டும். மற்ற ஆறு நாளும் நாம் யாருக்காவது கணக்குக் காட்டிக்கொண்டேதான் இருக்கிறோம். படிப்பு முடிந்த பிறகு அந்த மாடலைச் செய்ய மனமிருந்தால் செய்யலாம், அப்போது அது என் விருப்பம்.

வீட்டைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதில் முழுமையாகாது. நீங்கள் ஆணா பெண்ணா, கல்யாணம் ஆனவரா என்று கேள்வியில் இல்லை. காலை ஐந்து மணிக்குப் படி என்று யாரும் சொல்லிவிடலாம். நம் வீடுகளில் அந்த நேரம் பெண்களுக்கு அடுப்படி நேரம். எனக்கு அது படிப்பு நேரமாக மாறியது என் அத்தையால்தான். சேர்வதற்கு முன்பே கணவரையும் அத்தையையும் உட்காரவைத்துப் பேசினோம். “காலையில டிபன் என் பொறுப்பு, ராத்திரிச் சமையல் நீயும் அவனும் பாத்துக்கங்க” என்று அத்தை சொன்னார். அந்த ஒரு ஏற்பாடு இல்லாமல் மேலே எழுதியது எதுவும் நடந்திருக்காது. திறமையான பெண்கள் பாதியில் படிப்பை விட்டதைப் பார்த்திருக்கிறேன், பாடம் கடினம் என்று விட்டவர்கள் குறைவு. நீங்கள் ஆண் என்றால், உங்கள் வீட்டில் யாருடைய விடியற்காலை உங்களுக்குப் படிப்பு நேரமாக மாறுகிறது என்பதை யோசித்துப் பாருங்கள். அவருக்கும் வாரத்தில் ஒரு காலை வேண்டும்.

விசேஷங்களும் பெரிய விஷயம்தான். மதுரையில் சொந்த ஊர்க்காரராக வேலை பார்ப்பதில் இருக்கும் சுகமும் சிக்கலும் ஒன்றே, எல்லாரும் பக்கத்தில் இருக்கிறார்கள். ஆவணியிலும் தையிலும் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் கல்யாணம், நடுவில் காதுகுத்து, புதுவீடு, மாசிச் சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயில். போகாமல் இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. நான் செய்வது இது: பருவம் தொடங்கியதும் தேர்வு, அசைன்மென்ட் தேதிகளை அடுப்படியில் தொங்கும் மாதக் காலண்டரில் சிவப்பு மையில் எழுதிவிடுவேன். பால் கணக்கும் கேஸ் பதிவு செய்த தேதியும் இருக்கும் அதே காலண்டரில். பத்திரிகை வைக்க வருபவரிடம் அத்தையே அதைப் பார்த்துவிட்டு, “அன்னிக்கு அவளுக்குப் பரீட்சை, நாங்க ரெண்டு பேரும் வந்துர்றோம்” என்று சொல்லிவிடுகிறார். போனில் இருக்கும் காலண்டர் நமக்கு மட்டும்தான் தெரியும்.

ஆபீஸில் மேனேஜரிடம் மறைக்க வேண்டாம், அதே சமயம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கவும் வேண்டாம். அவசரக் கோளாறுக்கு யார் எப்போது பொறுப்பு என்ற ஆன்-கால் பட்டியல் போடும் முன்னால் தேர்வு வாரத்தைச் சொல்லிவிட்டால் மாற்றிக்கொடுப்பார்கள், பட்டியல் வந்த பிறகு கேட்டால் சங்கடம். படிப்புச் செலவைத் திருப்பித் தரும் திட்டம் உங்கள் நிறுவனத்தில் இருந்தால், அதோடு இத்தனை ஆண்டு வேலையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் ஒட்டியிருக்கும், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் அசைன்மென்ட் செய்யவே கூடாது. பாதுகாப்பு விதிகளும் அதை அனுமதிக்காது, எழுதிய நிரல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் வரும். ஒரு பழைய லேப்டாப்பில் நினைவகத்தைக் கூட்டிக்கொண்டாலே பெரும்பாலான பாடங்களுக்குப் போதும்.

இத்தனைக்கும் பிறகு உங்களுக்குச் சரிவருமா என்று தெரிய, பெரிய பணம் கட்டத் தேவையில்லை. ஐ.ஐ.டி.கள் நடத்தும் இணையவழிப் பாடத் தளமான என்பிடெல்லில் (NPTEL) ஜூலையில் தொடங்கும் 12 வாரப் பாடம் ஒன்றை எடுங்கள். அல்காரிதம், ஆப்பரேட்டிங் சிஸ்டம், நிகழ்தகவு என்று நீங்கள் கல்லூரியில் பயந்த பாடம் எதுவோ அது. படிப்பது இலவசம், தேர்வுக்கு 1,000 ரூபாய்தான், மதுரையிலேயே எழுதலாம். வாராந்திர அசைன்மென்டுக்கு 25 விழுக்காடு, மேற்பார்வையில் எழுதும் தேர்வுக்கு 75 விழுக்காடு. மதிப்பெண்ணைவிட, அந்த 12 வாரமும் காலை எத்தனை நாள் எழ முடிந்தது, எத்தனை ஞாயிறு கண்மாய்க்குப் போனீர்கள் என்று பாருங்கள். பாடம் முடிந்து, ஞாயிறுகளும் பெரும்பாலும் மிஞ்சியிருந்தால் முதுகலைக்கு விண்ணப்பியுங்கள்.

சேர்ந்த பிறகும் ஒரு பருவம் கைமீறிப் போகும். ஆபீஸில் பெரிய ரிலீஸ் வரும், அல்லது வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போகும். பாடத்திலிருந்து விலகிக்கொள்ள ஒவ்வொரு பருவத்திலும் ஒரு கடைசித் தேதி இருக்கிறது. பாடத்திட்டம் கைக்கு வந்த அன்றே அதைத் தேடி, அதையும் அதே காலண்டரில் எழுதி வையுங்கள். அந்தத் தேதிக்கு முன்னால் விலகினால் மதிப்பெண் பட்டியலில் விலகியதைக் குறிக்கும் டபிள்யூ (W) என்ற எழுத்து வரும், சராசரி குறையாது. அந்தப் பாடத்தை அடுத்த பருவத்தில் திரும்ப எடுக்கலாம்.